மைக்கை அழுத்தினால் ஒன்பது வோல்ட்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் மின்சாரக் கோளாறு என்று சொன்னால், முதலில் வருகிற கேள்வி ‘பாட்டரி மாற்றி எத்தனை நாள் ஆயிற்று?’ என்பதுதான். விளக்கு மங்கினாலும் அதே கேள்வி. ஜிபிஎஸ் அணைந்து அணைந்து எரிந்தாலும் அதே கேள்வி. காலையில் செல்ஃப் அடிக்காமல் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டாலும் அதே கேள்வி. பதினான்கு ஆண்டுகளாகப் படகுகளில் வயரிங் வேலை செய்து வருகிறேன். இந்த ஆண்டுகளில் தேவையில்லாமல் மாற்றப்பட்ட பாட்டரிகளை மட்டும் ஓரிடத்தில் அடுக்கினால் என் பட்டறை கொள்ளாது. ஒரு பாகத்தை மாற்றுவது கோளாறைக் கண்டுபிடிப்பது ஆகாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நானே, ஒரு படகில் ஒன்றரை நாள் தவறான இடத்தில் வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு, ‘வயரிங் நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தத் தீர்ப்பு இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களில்தான் படகுகளுக்குப் பலகை மாற்றுவதும் வண்ணம் அடிப்பதும் இன்ஜினைப் பிரிப்பதும் நடக்கும். எங்களுக்கும் அதுதான் வேலைக்காலம். அக்கரைப்பேட்டையில் என் தாய்மாமாவின் படகு நின்றிருந்தது. தை மாதத்திலிருந்தே அவருடைய வயர்லெஸ் செட்டில் ஒரு விசித்திரமான குறை இருந்தது. “மாப்ள, எல்லாரு பேசுறதும் நல்லா கேக்குது. நான் பேசுறது மட்டும் யாருக்கும் போவல. ரெண்டு வார்த்த போவுது, அப்புறம் அறுந்துருது” என்றார். அதற்குள் அவர் புதுச் செட் வாங்கிவிட்டார். ஆன்டெனாவையும் அதன் கேபிளையும் மாற்றிவிட்டார். பாட்டரிகளில் ஒன்றையும் மாற்றிவிட்டார். முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகியும் குறை இம்மியளவும் குறையவில்லை.

இந்தக் குறையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கிற செட் பேசவும் செய்யும் என்று நம்பித்தான் எல்லோரும் கடலுக்குப் போகிறார்கள். மற்றப் படகுகளின் பேச்சு நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டிருப்பதால், செட் வேலை செய்யவில்லை என்ற எண்ணமே யாருக்கும் வராது. ஆறு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு இடையே, இந்தச் செட்டுகள் பேசுகிற வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் போகும். அந்த இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள்தான் ஆபத்தில் முதலில் வரக்கூடியவர்கள். அவர்களை அழைக்க வேண்டிய நேரத்தில்தான் குரல் அறுகிறது.

தேங்கிய தண்ணீரை அளந்த கதை

முதல் நாள் நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் செய்வதும் இதுவே. பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பாட்டரி ஓய்வில் இருக்கும்போது காட்ட வேண்டிய அளவு அதுதான். வீல் ஹவுசுக்கு, அதாவது படகை ஓட்டுகிற அறைக்கு ஏறி, செட்டின் பின்னாலிருந்த இணைப்பைக் கழற்றி, கம்பியின் நுனியில் அளந்தேன், அங்கேயும் 12.6. பாட்டரியில் இருப்பது அப்படியே மேலே வந்து சேருகிறது, ஆகவே வயரிங்கில் குறை இல்லை என்று முடிவு கட்டினேன். செட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பேசியது, மைக்கை அழுத்தியபடி ஒரு நிமிடம் வைத்திருந்தும் அசையவில்லை. திரும்பக் கொண்டுவந்து படகில் மாட்டினால் பழைய கதைதான். மறுநாள் ஆன்டெனாப் பக்கம் போனேன். கொடிமரத்தில் ஏறி, இணைப்புகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் நாள் மாலை, வேலையை நிறுத்தலாம் என்ற எண்ணத்தில், செட்டை மாட்டிய நிலையிலேயே இணைப்பின் பின்பக்கத்தில் மீட்டரின் இரு முனைகளையும் செருகிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். செட் கேட்கும் நிலையில் இருந்தது, மீட்டர் 12.3 காட்டியது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. அந்த நேரத்தில் மாமா, அருகில் கட்டியிருந்த படகில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க, மைக்கை எடுத்து அழுத்தினார். மீட்டரில் எண் 9.1க்கு விழுந்தது. அவர் விரலை எடுத்ததும் 12.3க்கு ஏறியது. மறுபடி அழுத்தச் சொன்னேன். 9.1. மூன்றாம் முறை செட்டின் திரை மங்கி, கண்ணெதிரே அணைந்து, பிறகு தானாக எரிந்தது. மாமா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நொடியில் பேச்சு வரவில்லை. ஒன்றரை நாளாக நான் அளந்துகொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. வாய்க்காலில் நடுவே எங்கோ மண் மேடிட்டு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மதகு மூடியிருக்கும்போது, அந்த அடைப்பின் ஓரமாகக் கசிந்து வருகிற தண்ணீரே போதும். சிறிது நேரத்தில் மதகு வரைக்கும் தண்ணீர் ஏறி, தலைமடையின் மட்டத்துக்கு நிற்கும். பார்ப்பவருக்கு வாய்க்கால் நிறைந்திருப்பதாகத் தோன்றும். மதகைத் திறந்தால்தான் உண்மை தெரியும்: நின்ற தண்ணீர் ஓடிவிடும், பின்னால் வர வேண்டியது வராது, மட்டம் சடசடவென இறங்கும். மீட்டர் என்பது மதகைத் திறக்காமல் மட்டத்தைப் பார்க்கிற கருவி. அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். பத்தொன்பது இழை அறுந்து ஒரே ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும் அது முழு 12.6ஐக் காட்டும். கேட்கும் நிலையில் செட் அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. 25 வாட்டில் பேசும்போது ஐந்து ஆம்பியர் எடுக்கிறது. பத்து மடங்குக்கும் மேலான ஓட்டம் கேட்கப்படும்போதுதான் அடைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

பழைய லாரி எலெக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லாம்ப் வைத்திருப்பார்கள். ஒரு ஹெட்லைட் பல்பில் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். எண் எதுவும் காட்டாத அந்தக் கருவியை நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் சற்றுத் தாழ்வாக நினைத்ததுண்டு. ஆனால் 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்று ஐந்து ஆம்பியரை இழுக்கிறது, அதாவது மதகைத் திறந்துவிட்டுப் பார்க்கிறது. முதல் நாளே அந்த நுனியில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டியிருந்தால், அது சிவந்து மங்கலாக எரிந்து, பத்து நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கும்.

மூன்றரை வோல்ட் எங்கே போனது

வழியில் கிட்டத்தட்ட மூன்றரை வோல்ட் தொலைகிறது என்று தெரிந்த பிறகு, தேடுவது எளிது. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு தனிக் கம்பியை எடுத்து, ஒரு நுனியைப் பாட்டரியின் பாசிட்டிவ் முனையில் கவ்விவிட்டு, மறு நுனியை மீட்டரின் ஒரு முனையோடு சேர்த்தேன். மீட்டரின் இன்னொரு முனையை, செட்டுக்குப் போகிற பாசிட்டிவ் கம்பியின் வழியில் ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே போனேன். மேலே மாமா மைக்கை அழுத்துவார், நான் கீழிருந்து ‘போதும்’ என்று குரல் கொடுப்பேன். குறையற்ற செம்பில் இந்த அளவு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று மெல்ல ஏற வேண்டும். பாட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வரை 0.1. இன்ஜின் அறையின் முன்சுவர் வரை 0.3. ஐஸ் அறையின் மேற்பலகைக்கு அந்தப் பக்கம் ஊசியைக் குத்தினேன், 2.9. இரண்டு குத்துகளுக்கும் இடையே முக்கால் மீட்டர் கம்பிதான் இருந்தது. நெகட்டிவ் பக்கம் முழுவதற்கும் சேர்த்து 0.4தான்.

பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது, கம்பி ஓரிடத்தில் தடித்திருந்தது. கருப்பு டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிய முடிச்சு. கையில் பிடித்ததும் சூடு தெரிந்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டது போன்ற சூடு. அரை ஓம் தடையில் ஐந்து ஆம்பியர் ஓடினால் பன்னிரண்டரை வாட் வெப்பமாகிறது. ஈயம் உருக்க நாங்கள் வைத்திருக்கும் சிறிய பற்றுக்கோல் 25 வாட். அதில் பாதி, டீசல் வாடையடிக்கும் பலகைக்குள், டேப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. மைக்கை யாரும் தொடர்ந்து அழுத்திக்கொண்டு இருப்பதில்லை என்பதால்தான் அது சூட்டோடு நின்றது. டேப்பைக் கிழித்தேன். பசை உருகிக் கையில் ஒட்டியது. உள்ளே பச்சையும் நீலமுமாகக் களிம்பு மாவாக உதிர்ந்தது. அதன் கீழே இழைகள் கரிக்கோடு போலக் கறுத்திருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு மூன்று இழைகளில் மட்டும் செம்பின் நிறம் தெரிந்தது.

உப்பு செய்யும் வேலை

அந்த முடிச்சு எப்போது போடப்பட்டது என்று மாமாவுக்கு நினைவிருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இந்தப் படகு பக்கத்துப் படகோடு மோதி வீல் ஹவுஸ் பெயர்ந்துபோயிருந்தது. மீண்டும் தொழிலுக்குப் போகும் அவசரத்தில் அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த நாட்களில் படகு மிதப்பதே பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடல் அந்த முடிச்சுக்குள் பொறுமையாக வேலை செய்திருக்கிறது.

வீட்டுச் சுவருக்குள் முப்பது ஆண்டு தாங்கும் முறுக்கு முடிச்சு, படகில் ஏன் தாங்காது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு போகாது. காற்றின் ஈரத்தை அதுவே இழுத்துத் தன்னை நனைத்துக்கொள்ளும். டேப் தண்ணீர் நுழைவதைத் தடுப்பதில்லை, நுழைந்த தண்ணீர் வெளியேறுவதைத்தான் தடுக்கிறது. இழைகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளி வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உப்புநீர் உறைக்குள்ளேயே ஏறிப் போகிறது. வெளியே பளபளப்பான சிவப்பு உறை. உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த செம்பு. இதனால்தான் நுனியை மட்டும் வெட்டிவிட்டுப் புதிய லக் (கம்பி நுனியில் பூட்டும் உலோக முனை) போடுகிற வேலை பல சமயம் ஆறு மாதத்தில் திரும்ப வருகிறது. பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தெரியவே இல்லையென்றால் முழுக் கம்பியையும் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஈரம் படுகிற இடத்தில் பாசிட்டிவ் கம்பியும் நெகட்டிவ் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பாசிட்டிவ்தான் முதலில் தின்னப்படும். உப்புநீர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்தாலும், அது கிளம்புகிற பக்கத்து உலோகம் கரைகிறது. ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுதும் கசிந்தால் ஒன்பது கிலோ இரும்பைக் கரைத்துவிடும். கசிவது அதில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும், ஒரு மெல்லிய செம்புக் கம்பிக்கு அது தாராளமாகப் போதும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்ப்பின் கம்பிகள் அடிக்கடி அறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

மாமாவின் படகில் பாட்டரியிலிருந்து செட் வரை எட்டு மீட்டர். போக வர பதினாறு. அதில் இருந்தது வீட்டுக்குப் போடும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி. முடிச்சே இல்லாவிட்டாலும், ஐந்து ஆம்பியரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அதிலேயே போய்விடும். நான்கு சதுர மில்லிமீட்டரில் வெள்ளீயம் பூசிய பல இழைக் கம்பி போட்டேன். இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்டாகக் குறைந்தது. நுனிகளை ஈயத்தால் பற்றவைக்கவில்லை. பற்றவைத்த இடத்தில் இழைகள் விறைத்து, இன்ஜினின் அதிர்வில் ஈயம் முடிகிற விளிம்பில் ஒடிகின்றன. அளவான லக்கை அழுத்திப் பிடித்து, மேலே பசை உருகி ஒட்டும் குழாய் உறையைச் சூடுகாட்டி மூடினேன். வெள்ளீயம் பூசிய கம்பி விலை அதிகம்தான். அந்த ஆண்டு மாமா தேவையில்லாமல் வாங்கிய பொருட்களின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

சராசரி சரியாக இருந்த பாட்டரிகள்

வேலை முடிந்து பாட்டரிப் பெட்டியை மூடப் போகும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை வரிசையாகக் கோத்து 24 வோல்ட் ஆக்கி, இன்ஜினை எழுப்பப் பயன்படுத்துவது நம் படகுகளில் வழக்கம். வயர்லெஸ், ஜிபிஎஸ், சிறு விளக்குகள் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் வேண்டுமே என்று, இரண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுவார்கள். இந்தப் படகிலும் அப்படித்தான். இழுக்கப்படாத பாட்டரியின் மேல்மூடி அமிலம் கசிந்து நனைந்திருந்தது. உள்ளே தண்ணீர் தகடுகளுக்குக் கீழே போயிருந்தது. பிப்ரவரியில் மாற்றியதோ மற்றதை.

இன்ஜினை ஓடவிட்டு அளந்தேன். இரண்டுக்கும் சேர்த்து 28.0 வோல்ட், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்க வேண்டியது அதுவே, எவரும் குறை சொல்ல முடியாது. தனித்தனியாக அளந்தபோது, 12 வோல்ட் இழுக்கப்படுகிற பாட்டரியில் 13.1, மற்றதில் 14.9. ஒன்று நாள் முழுதும் ஓடியும் நிறைவதில்லை; அரைவயிற்றோடு கிடந்து கிடந்து அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிறது. மற்றது நிறைந்த பின்னும் ஊட்டப்பட்டுக் கொதித்து, தண்ணீர் வற்றிச் சாகிறது. சராசரி மட்டும் எப்போதும் சரியாக இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், புதியதற்கும் பழையதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுகிறது. ‘இந்தப் படகுக்குப் பாட்டரி ராசியில்லை’ என்று மாமா பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். அதன் முழுக் காரணம் அந்த ஒற்றைச் சிவப்புக் கம்பிதான். இரண்டு பாட்டரிகளிலிருந்தும் சமமாக 24ஐ எடுத்து 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டால் தீர்ந்துவிடும். இதற்கு அவரை இசையவைக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. ‘இத்தன வருசமா இப்புடித்தான மாப்ள ஓடுது’ என்பதற்கு மேல் அவரிடம் வாதம் இல்லை, ஆனால் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

கன்வெர்ட்டர் போடும்போது அதை ஆன்டெனாக் கேபிளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்களும் எல்.இ.டி. விளக்குகளும் உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துத்தான் வேலை செய்கின்றன. அந்த இரைச்சல் வயர்லெஸ்சின் காதை அடைத்துவிடும். ‘பகலில் கேட்கிறது, இரவில் கேட்கவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கொடிமர விளக்கைத்தான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. சோதனையும் எளிது: விளக்கை அணைத்துவிட்டு, பேச்சில்லாத ஒரு சானலில் செட்டை வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் குமிழை, இரைச்சல் நிற்கிற எல்லைக்குச் சற்று மேலே திருகி நிறுத்த வேண்டும், பிறகு விளக்கைப் போட்டதும் இரைச்சல் கேட்டால், குற்றவாளி விளக்குதான்.

ஜூன் 15 அன்று விடியுமுன் மாமாவின் படகு கிளம்பியது. அதற்கு முந்தைய மாலை, வீல் ஹவுஸ் பலகையில் செட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதிவைத்தேன். மைக்கைப் பத்து நொடி அழுத்திப் பிடித்திருக்கும்போது, பாட்டரியில் (கன்வெர்ட்டர் இருந்தால் அதன் 12 வோல்ட் முனையில்) இருக்கும் வோல்ட்டுக்கும் செட்டில் வந்து சேரும் வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. அன்றிலிருந்து நான் தொடுகிற எல்லாப் படகுகளிலும் இதை எழுதுகிறேன். சில டிரைவர்கள் இப்போது தாங்களே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மாமாவின் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு எண்கள் இருக்கின்றன. 2022இல் 0.4. 2023இல் 0.4. 2024இல் 0.5. இந்த ஆண்டு 0.9. செட் நன்றாகப் பேசுகிறது, யாரும் குறை சொல்லவில்லை. நெகட்டிவ் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற பித்தளைப் பட்டையில்தான் எனக்குச் சந்தேகம். நாளைக் காலை அதைப் பிரிக்கிறேன்.